கன்வென்ஷன் மேசையில் நான்கு மணி நேரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் ஆட்டம், பிற்பகல் மூன்றுக்கு ஒன்று, இரவு ஏழரைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மேலும் இரண்டு என்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கான வார இறுதிக் கன்வென்ஷனின் ஆட்டப் பட்டியல் கைக்கு வந்தவுடன், ஐந்திலும் பெயரைப் பதிந்துவிடலாம் என்றுதான் தோன்றும். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த வெள்ளிக்கு முழுப் பலனும் கிடைக்க வேண்டும் என்ற கணக்கு அது. பதியாதீர்கள். நான்கு மணி நேரம் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதும் கேட்பதும் கூட்டிக் கழிப்பதும் நடிப்பதும் சேர்ந்தால் அது நல்ல உழைப்பு. மூன்றாவது மேசைக்கு வரும்போது குரல் போயிருக்கும், நான்காவதில் உங்கள் பாத்திரத்தின் பெயர் உங்களுக்கே மறந்திருக்கும். முதன்முறை வருகிறவர் சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று மூன்று மேசைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேசை நடத்தவும் போகிறவராக இருந்தால், நடத்துவது ஒன்று, ஆடுவது ஒன்று, அதற்குமேல் வேண்டாம்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு வார இறுதிக்குப் போக நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, தமிழிலேயே ஒரு மேசையை நடத்திப் பார்த்தால் என்ன என்று யோசித்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக. மேசை ஆர்பிஜி (ரோல்பிளேயிங் கேம்) என்பது, ஒருவர் கதை நடக்கும் உலகத்தையும் அதிலுள்ள மற்ற மாந்தரையும் ஏற்றுக்கொள்ள, எதிரே இருக்கும் நால்வரோ ஐவரோ ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே கதையை நகர்த்தும் விளையாட்டு. செய்த காரியம் பலிக்குமா என்பது ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்துதான் இந்த வகை விளையாட்டு பரவியது. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1968-இல், கைகாக்ஸ் தம் ஊரான லேக் ஜெனீவாவில் ஜென் கான் என்ற விளையாட்டுக் கூடுகையைத் தொடங்கிவிட்டார். ஆகவே, முன்பின் தெரியாதவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி மேசையைச் சுற்றி உட்காரும் பழக்கம் இந்த விளையாட்டைவிட வயதில் மூத்தது.

கதையைக் கையில் வைத்திருப்பவரை ஜிஎம் (கேம் மாஸ்டர்) என்றோ டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்றோ அழைப்பார்கள். நான் நடத்துநர் என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டு உறவினர்களுக்கு நடத்துநர் என்றால் பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர்தான் நினைவுக்கு வருவார். எல்லாரையும் ஏற்றி, இடம் பார்த்து உட்காரவைத்து, சொன்ன நேரத்துக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இங்கும் வேலை என்பதால் அந்தக் குழப்பத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

எந்த மேசையில் உட்காருவது

ஆட்டப் பட்டியலில் விளையாட்டின் பெயரைவிட அதன் கீழேயுள்ள இரண்டு வரிக் குறிப்பைக் கவனமாகப் படியுங்கள். புதியவர் வரலாமா, பாத்திரம் அங்கேயே தரப்படுமா, எத்தனை இருக்கைகள், வயது வரம்பு உண்டா, பயங்கரமோ இரத்தமோ வருமா என்பவை அதில் இருக்கும். இவற்றில் ஒன்றுகூட எழுதப்படாத மேசையை முதல் முறையில் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதை எழுத மறந்த நடத்துநர் வேறு சிலவற்றையும் மறந்திருப்பார். ஆறு இருக்கையுள்ள மேசையைவிட நான்கு இருக்கையுள்ளது மேல். அட்வெஞ்சரர்ஸ் லீக், பாத்ஃபைண்டர் சொசைட்டி என்று குறிப்பிட்டிருந்தால், அவை ஒரே பாத்திரத்தை மேசைக்கு மேசை எடுத்துச் சென்று வளர்க்கும் தொடர் ஏற்பாடுகள். அவற்றிலும் புதியவருக்கு இடமுண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதிகள் ஒன்றுமே தெரியாதவருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைவிட 1981-இல் வந்த கால் ஆஃப் கதூலு எளிது என்பது என் கருத்து. பாத்திரத் தாளில் "ஒளிந்து நடத்தல் 60" என்று எழுதியிருந்தால், நூற்றுக்குள் விழும் பகடை 60-ஆகவோ அதற்குக் கீழாகவோ விழ வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் விழுக்காடு படித்த எவருக்கும் தம் வாய்ப்பு எவ்வளவு என்பது உடனே விளங்கிவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபதுமுகப் பகடையோடு கூட்டல் எண்களைச் சேர்த்து, எதிரே உள்ள எண்ணை எட்டியதா என்று பார்க்க வேண்டும். அதுவும் கடினமில்லை, ஆனால் தாளில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று தெரிவதற்குள் முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.

உணவங்காடி நிலையத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் அந்த மேசை உங்களுடையது. கன்வென்ஷனில் அந்தச் சட்டம் செல்லாது. பதிவுத் தாளில் பெயர் இருந்தால்தான் இடம், அதுவும் தொடங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு போய் நிற்கிறவருக்கே. வர முடியாமற்போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஐவருக்காகக் கட்டிய கதையில் மூவர் மட்டும் வந்து உட்கார்ந்தால் நடத்துநரின் ஒரு வார உழைப்பு ஆட்டம் காணும்.

பையில் என்ன

பென்சில் இரண்டு, அழிப்பான், ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட், தண்ணீர், மடித்து நிறுத்தப் பெயரட்டை ஒன்று, ஜாக்கெட். கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். வெளியே வியர்த்துக்கொண்டு வந்தவர், எக்ஸ்போவோ சன்டெக்கோ சமூக மன்றத்தின் மேல்மாடி அறையோ, குளிரூட்டியின் நேர் கீழே நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் விறைத்துப் பகடையே பிடிபடாது. விதிநூல்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பகல் ஒன்றரைக்குப் பின் போனால் வரிசை குறைந்திருக்கும். மேசை முழுவதற்கும் சேர்த்துப் பீட்சா வாங்கும் யோசனை வந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் வேண்டியவர் இருப்பார், புரட்டாசிச் சனிக்கிழமையாக இருந்தால் தமிழ் மேசையில் பாதிப் பேர் சைவமாக இருப்பார்கள்.

ஆடுகிறவருக்கு

பாத்திரங்களை மேசையில் பரப்பி வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். படம் அழகாக இருக்கிறதே என்று எடுக்காமல், "இவர் என்ன செய்வதில் கெட்டிக்காரர்?" என்று நடத்துநரிடம் ஒரே கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள். மந்திரம் போடும் பாத்திரங்களுக்குப் படிக்க வேண்டியது அதிகம்; வாளெடுப்பவரும் திருடரும் புதியவருக்கு ஏற்றவர்கள்.

ஆட்டம் தொடங்கியபின் நினைவில் கொள்ள வேண்டியது, உங்கள் முறை வருமுன்பே என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவுசெய்து வைத்திருப்பது. இரண்டாவது, உங்கள் காரியத்தில் இன்னொருவரை இழுத்து விடுவது. "நான் கதவை உடைக்கிறேன்" என்பதைவிட, "நான் கதவை உடைக்கும்போது சத்தம் கேட்காதபடி நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா?" என்று பக்கத்தில் பேசாமல் இருப்பவரிடம் கேட்பது மேசையைத் தூக்கி நிறுத்தும். நம்மவர்களில் பலர் அழைக்காமல் பேச மாட்டார்கள். அழைத்தால் நிறுத்த மாட்டார்கள்.

தமிழ் மேசை நடத்துகிறவருக்கு

இனி நடத்துவதைப் பற்றிச் சற்று விரிவாக. வீட்டில் நண்பர்களோடு மாதக்கணக்கில் ஆடும் கதையைச் சுருக்கிக் கன்வென்ஷனுக்குக் கொண்டுவர முடியாது. வீட்டில் முடியாததை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த வாரம் கிடையாது, நான்கு மணி நேரம் முடிந்ததும் அடுத்த குழு பையோடு பின்னால் வந்து நிற்கும். ஆகவே கதையை எழுதுவதற்கு முன் கணக்கை எழுதுங்கள்.

நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடங்கள். அறிமுகத்துக்கும் பாத்திரம் எடுப்பதற்கும் 25, இடைவேளைக்கு 15, தாமதமாக வருகிறவருக்குக் காத்திருக்க 5, முடிவைச் சொல்லிக் கலைய 15. மிச்சம் 180. ஒரு சண்டையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம், நடத்துநருக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், ஆறு ஆட்டக்காரர் உள்ள மேசையில் ஒரு சுற்று 16 நிமிடம். நான்கு சுற்றில் சண்டை முடிந்தால் 64 நிமிடம். இரண்டு சண்டை வைத்தால் உங்கள் கதைக்கு எஞ்சுவது 52 நிமிடம்தான். ஒரு சண்டை போதும், அதையும் ஓடித் தப்பிக்க வழியுள்ளதாக வையுங்கள்.

இந்தக் கணக்கை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் தமிழ் மேசையில், சிராங்கூன் சாலையில் நடக்கும் ஒரு மர்மக் கதையை வைத்திருந்தேன். தொடக்கத்தில் ஒரு கிளி ஜோசியர் வருவார், ஒரு சீட்டை எடுத்துக் கொடுப்பார், அதில் துப்பு இருக்கும், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்பது என் திட்டம். ஆட்டக்காரர்கள் ஜோசியரை விடவில்லை. கிளியின் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் வாய்தவறி "முத்தழகி" என்றேன். அதன்பின் கிளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஒருவர், கூண்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒருவர், கிளிக்கு நெல் வாங்கித் தேக்கா சந்தைக்குப் போனவர் ஒருவர். நான் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு மணி ஐம்பது நிமிடம் போயிருந்தது. கொலை செய்தவர் யார் என்பதைக் கடைசி ஆறு நிமிடத்தில் நானே வாயால் சொல்லி முடித்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டுதான் எழுந்து போனார்கள், ஆனால் நான் கட்டிய கதையின் முக்கால் பங்கு பைக்குள்ளேயே வீடு திரும்பியது.

அதிலிருந்து கற்றது இரண்டு. பெயர் வைத்த எதையும் ஆட்டக்காரர்கள் விடமாட்டார்கள், ஆகவே வேண்டாதவருக்குப் பெயர் வைக்காதீர்கள். அடுத்தது, மண்டபக் கடிகாரத்தின் கெடு கதைக்குள்ளும் ஒரு கெடுவாக இருக்க வேண்டும்.

இப்போது நான் நடத்தும் கதை 1843-இல் நடக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட ஒரு பெரும்பாறை, ஐம்பது வரி அளவுக்கு எழுத்துப் பொறிக்கப்பட்டு நின்றது. இந்தியாவிலிருந்து வந்த மல்லனோடு நடந்த பந்தயத்தில் பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் என்று மலாய் மரபுக்கதை ஒன்று உண்டு. 1843-இல் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் வேலையில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டுகளில் ஒன்று ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் முழுமையாக வாசித்துச் சொன்னதில்லை. சோழர்களின் பட்டப்பெயரான பரகேசரிவர்மன் என்பதன் ஒரு பகுதி அதில் இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் கருதியிருக்கிறார். கதை எழுத இதைவிட வேறென்ன வேண்டும்? நாளை விடியும்போது வெடி. இன்று இரவுக்குள் கல்லில் உள்ளதைப் படியெடுக்க வேண்டும். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டும் சூலியா (தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்) படகோட்டி, செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண், இந்தியாவிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்ட கொத்தர், மாரியம்மன் கோயில் பூசாரி, ஆங்கிலேய அதிகாரியிடம் எழுத்தராக இருக்கும் இளைஞன் என்று ஐந்து பாத்திரங்கள். ஐவரும் அக்காலச் சிங்கப்பூரில் உண்மையில் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் என்பதால், வரலாறு தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மேசையில் ஆடலாம்.

கெடுவைக் கண்ணால் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு முழ நீளச் சணல் கயிற்றில் எட்டு முடிச்சுப் போட்டு, மேசையின் நடுவில் கல்லாக வைத்த செங்கல் துண்டின் மேல் கிடத்திவிடுவேன். அதுதான் வெடியின் திரி. அரை மணிக்கு ஒரு முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். முதல் முடிச்சுக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான்காவதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவுடன் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர், "சரி, படகை எடுப்போம்" என்பார். நடத்துநர் அவசரப்படுத்தினால் ஆட்டக்காரருக்குக் கோபம் வரும். கயிறு அவசரப்படுத்தினால் வராது.

நீயும் நீங்களும்

தமிழில் நடத்துவதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் மரியாதைச் சொல். ஒரு மேசையில், ஓய்வுபெற்ற, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் சின்னான் என்ற தெருத்திருடனின் பாத்திரத்தை எடுத்தார். திருடர் கூட்டத்தின் தலைவன் பாத்திரம் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவருக்கு வந்தது. தலைவன் சின்னானை ஏவ வேண்டிய கட்டம். மாணவர் வாயைத் திறந்தார்: "அங்கிள், நீங்க... நீ போய்... நீங்க போய் அந்தப் பெட்டியை..." அதோடு நின்றுவிட்டது. அந்தப் பெரியவரே சிரித்துக்கொண்டு, "நான் சின்னான்டா, சொல்லு அண்ணே" என்றபிறகுதான் கதை நகர்ந்தது.

எல்லா மேசையிலும் அப்படிப்பட்ட பெரியவர் கிடைக்க மாட்டார். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: ஆட்டக்காரரிடம் பேசும்போது எல்லாருக்கும் நீங்கள், பாத்திரத்திடம் பேசும்போது அந்தப் பாத்திரத்துக்கு உரியது எதுவோ அது. பெயரட்டையின் உட்புறத்தில் சொந்தப் பெயரும், மற்றவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில் பாத்திரத்தின் பெயரும் எழுதச் சொல்லுங்கள். பின் கதை தொடங்குவதற்கு முன்பாக ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பாத்திரமாக நினைத்து ஒரு வாக்கியம் கூப்பிட்டுப் பேசட்டும். ஐந்து நிமிடத்தில் கூச்சம் கலைந்துவிடும்.

இதே சிக்கல் நடத்துநருக்குப் பெரிய வசதியும் ஆகிறது. ஆங்கில மேசைகளில், இப்போது பேசுவது நடத்துநரா, அவர் ஏற்ற பாத்திரமா என்று விளங்க வைக்கக் குரலை மாற்ற வேண்டியிருக்கும். தமிழில் அது தேவையே இல்லை. "இருள் கவிந்திருக்கிறது, ஆற்றில் நீர் வற்றிச் சேற்றின் வாடை வருகிறது" என்று எழுத்து நடையில் சொன்னால் அது வருணனை. "யார்ரா அது, இந்நேரத்துல?" என்றால் காவலாளி வந்துவிட்டான். "நீங்கள் பகடை உருட்டுங்கள்" என்றால் நான் மறுபடியும் நடத்துநர். அரசரோ தெய்வமோ பேச வேண்டிய இடத்தில் செந்தமிழ் காத்திருக்கிறது. மேடை நாடகமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த மாற்றங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சொற்களை எவ்வளவு தமிழாக்குவது என்பதில் நான் மனம் மாறியவன். முதலில் எல்லாவற்றையும் மாற்றினேன். உயிர்ப்புள்ளி, கவச எண், தற்காப்பு உருட்டு என்று இரண்டு பக்கப் பட்டியல். மேசையில் பாதிப் பேருக்கு எச்பி (நான் உயிர்ப்புள்ளி என்றது) என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும். என் பட்டியலைப் பார்த்து அவர்களுக்கும் தெரியாமற்போனது. இப்போது விதிச்சொற்களை அப்படியே விட்டுவிடுகிறேன், பாத்திரங்களின் தொழிற்பெயர்களை மட்டும் தமிழில் வைக்கிறேன், ஏனெனில் அவைதாம் ஆடுகிறவரின் கற்பனையைத் தொடுகின்றன. பாடகர் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ளபடி பார்ட் என்று எழுதிக் கொடுத்தால் கிட்டாரோடு ஒருவர் வருவார். பாணர் என்று எழுதிக் கொடுத்தால், யாழைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசில் தரும் வள்ளலைத் தேடி ஊர் ஊராக நடந்த ஒருவர் வருவார். சங்கப் பாடல்களின் ஆற்றுப்படையில், பரிசில் பெற்றவர் வழியில் கண்ட இன்னொரு கலைஞரிடம் எந்த வழியே போக வேண்டும், இடையில் எந்த நிலம் வரும், யாரிடம் என்ன கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவாரே, கதையைத் தொடங்கிவைக்க அதைவிடச் சிறந்த உத்தியை நான் எந்த விதிநூலிலும் பார்த்ததில்லை. இயற்கையிலிருந்து மந்திர ஆற்றல் பெறும் ட்ரூயிடுக்குச் சித்தர் என்பேன்; எடுத்தவர் தாமாகவே மூலிகை தேடத் தொடங்குவார். நூல் படித்து மந்திரம் கற்ற விசார்டுக்கு மந்திரவாதி என்று மட்டும் எழுதாதீர்கள். தமிழ்க் காதுக்கு அது எலுமிச்சம்பழமும் மண்டையோடும் கொண்டு வருகிற சொல். நல்லவராக ஆட வந்தவரும் பத்து நிமிடத்தில் செய்வினை வைக்கத் தொடங்கிவிடுவார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நடத்துவதென்றால், விதிச் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பதற்குத் தடை இல்லை. அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. மூலத்தை உரியபடி குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், பகிரலாம். பாத்திரங்களை மூன்றாம் நிலையில் (லெவல் 3) தயாரியுங்கள். முதல் நிலைப் பாத்திரம் இரண்டு அடியில் விழுந்துவிடும். நான்கு மணி நேரம் ஆட வந்தவர் முதல் மணி நேரத்திலேயே செத்துப்போய் வேடிக்கை பார்க்கக் கூடாது.

தமிழ் பேசத் தயங்குகிறவர்களுக்கு ஒரு சிறு ஊக்கம் தரலாம். அட்வான்டேஜ் என்ற விதிப்படி ஒரு பகடைக்குப் பதில் இரண்டை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு நூற்றுக்கு 50, இரண்டுக்கு 75. தம் பாத்திரம் செய்வதைத் தமிழில் ஒரு வாக்கியம் வருணித்தவருக்கு நான் அதைக் கொடுத்துவிடுவேன். வாக்கியம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாதியில் ஆங்கிலம் கலந்தாலும் சரி. முக்கியமாக, யாரும் யாருடைய தமிழையும் திருத்தக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு முறை, மழை என்பதை "மளை" என்று சொன்ன ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவியை மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் அன்போடுதான் திருத்தினார். அந்தப் பெண் அதன்பின் ஒரு மணி நேரம் பகடையை உருட்டியதைத் தவிர வாய் திறக்கவில்லை. பள்ளியில் தமிழ் அவளுக்கு மதிப்பெண் போடப்படும் பாடம். மேசையிலும் அதே ஆகிவிட்டால் பிறகு எதற்கு வருவாள்?

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு என்பது, பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை. கதை போகும் போக்கு யாருக்காவது ஒவ்வாமல் இருந்தால் அவர் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு நகர வேண்டும். நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல வராது என்பதால் தமிழ் மேசைக்கு இது இரட்டிப்புத் தேவை. கூடவே நான் சாதியைக் கதைக்குள் விடுவதில்லை; பாத்திரத் தாளில் ஊர் உண்டு, தொழில் உண்டு, அது கிடையாது. முன்பின் தெரியாத ஐவர் நான்கு மணி நேரத்தில் அதை நேர்மையாகக் கையாள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மதத்தையும் இனத்தையும் கேலிப்பொருளாக்கும் வேடிக்கையும் அப்படியே. பூசாரி பாத்திரம் சிரிக்க வைக்கலாம், பூசையைச் சிரிப்பாக்கக் கூடாது.

சத்தம் பற்றியும் ஒரு சொல். ஒரு கன்வென்ஷனில் எனக்கு ஒதுக்கிய மேசை ஒலிபெருக்கியின் நேர் கீழே இருந்தது. கல்வெட்டைப் படிக்கும் உச்சக் கட்டத்தில், தொலைந்துபோன ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பற்றிய அறிவிப்பு மும்முறை வந்தது. மேசை நடத்தப் பெயர் கொடுக்கும்போதே சுவரோரமாக ஒரு மூலை கேளுங்கள். கிடைக்காவிட்டால் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, மெல்லப் பேசுகிறவரை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை இரவு ஆட்டம் பதினொன்றரைக்கு முடிகிறதென்றால், கடைசி ரயில் நேரத்தை ஆட்டம் தொடங்குமுன் பார்த்துவையுங்கள். கதை முடிந்த மகிழ்ச்சியில் வாசலில் நின்று பேசுகிற அரை மணி நேரம்தான் டாக்சிச் செலவாக மாறும். ஞாயிறு காலை முதல் மேசையை விட்டுவிடுங்கள். தாமதமாக எழுந்து, தோசையும் தே-சியும் முடித்துவிட்டு, மண்டபத்தில் மற்றவர்களின் மேசைகளைச் சுற்றி நின்று பார்ப்பதில் கற்றுக்கொள்ளலாம். நல்ல நடத்துநர் பேசாத ஆட்டக்காரரிடம் எப்படித் திரும்புகிறார் என்பதைப் பத்து நிமிடம் கவனியுங்கள்.

நீங்கள் நடத்தும் மேசையை ஞாயிறு பிற்பகலுக்கு வைத்துக்கொண்டால், சனிக்கிழமை ஆடிப் பழகிய தெம்பு இருக்கும். முடிச்சு எத்தனை மிச்சமிருந்தாலும் மூன்றே முக்கால் மணி நேரத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும், "உங்கள் பாத்திரம் மறுநாள் காலை என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு வாக்கியம். படகோட்டி படகைத் துடைக்கிறான், எழுத்தன் வேலைக்குத் தாமதமாகப் போகிறான், சூளைப் பெண் கல்லின் ஒரு சில்லைச் செங்கல்லுக்குள் வைத்துச் சுடுகிறாள். அதற்குமேல் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம்.

பிறகு பென்சில்களை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஒன்று குறையும். பாத்திரத் தாளை விரும்பியவருக்குக் கொடுத்துவிடுங்கள். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும், எந்தக் கட்டம் எத்தனை நிமிடம் எடுத்தது, எங்கே எல்லாரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள், எங்கே ஒருவர் கைப்பேசியை எடுத்தார் என்று அரைப் பக்கம் குறித்துவையுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று ஒத்திப்போட்டால் கிளியின் பெயர் மட்டும்தான் நினைவிருக்கும்.